கந்தவேலுக்கு முப்பத்து மூன்று வயது

என் பதினோராவது வயதில் ஓர் ஆட்டக்காரனின் வேலைக்கு நான் உலை வைத்தேன். அவன் பெயர் கந்தவேல். ஆறடி ஒரு அங்குலம், இடது கைக்காரன். பெயரை என் வாயால் ஒழுங்காகச் சொல்ல வராத ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்து ஹாக்கி அணியில் வலது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தான். அவனை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அவனை உண்டாக்கியவர் என் அப்பா.

அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். பட்டறைக்குக் கொட்டேஷன் கேட்டு வருகிற மெயில்களுக்குப் பதில் அனுப்புவதற்காகக் கம்ப்யூட்டர் பழகியவர், மூடப்போகிற பிரௌசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். பள்ளியில் படித்த காலத்தில் சேலத்தில் ஹாக்கி ஆடியவர் அவர். மாவட்ட அணித் தேர்வுக்கு ஒருமுறை போய், சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பி வந்ததைத் தவிர அதில் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. இணையத்தில் சும்மா ஹாக்கி என்று தேடியபோதுதான் அந்த லீக் அவர் கண்ணில் பட்டது.

லீக் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உலகத்தின் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கு ஓர் ஆட்டக்காரனை, பெயரும் உயரமும் எடையும் கொடுத்துப் படைப்பார்கள். ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் தானே ஆடி முடிவைச் சொல்லும். படம் கிடையாது. யார் கோல் போட்டார்கள், யார் கீழே விழுந்தார்கள் என்று வரிவரியாக எழுத்து மட்டும் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு சீசன். சீசன் முடிந்தால் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வயது கூடிவிடும். பதினெட்டு வயதில் சேருகிறவன் முப்பதைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து ஒரு நாள் ஓய்வு பெறுவான். அதற்குப் பிறகுதான் அவனைப் படைத்தவர் இன்னொருவனைப் படைக்கலாம்.

கந்தவேலைப் பதிவு செய்து மூன்று வாரம் கழித்துத்தான், அது தரையில் ஆடுகிற ஹாக்கி இல்லை, பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டே ஆடுகிற ஹாக்கி என்று அப்பாவுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் முகம் வாடிப்போய் இருந்தார். மூன்றாம் நாள், "சேத்து உட்டாச்சு, இனி என்ன பண்றது? குளுருக்குப் பழகிக்குவான்" என்று தேறிக்கொண்டார்.

ஆட்டக்காரனுக்கு வேகம் கூட வேண்டுமானால் அவனைப் படைத்தவர் வாராவாரம் அவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் போட வேண்டும். அதற்குப் புள்ளிகள் தருவார்கள். அப்பா தமிழ் மீடியம், நான் இங்கிலீஷ் மீடியம். ஆகவே கந்தவேலின் கால்களுக்கான வேகம் என் கையிலிருந்து போயிற்று. அவன் நல்ல பையன், தினமும் பயிற்சி செய்வான், பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பான் என்று, பள்ளியில் பசுவைப் பற்றி எழுதிய கட்டுரையின் அச்சிலேயே எழுதித் தள்ளினேன். அதற்கே அவன் நன்றாக ஓடினான்.

அங்கிருந்தவர்கள் பெயரைச் சொல்ல வராமல் அவனைக் 'கேண்டி' என்று சுருக்கினார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பேரு கந்தவேலு. முழுசா எழுதோணும்னு சொல்லிப் போடு அம்முணி" என்றார். எழுதினேன். மறுநாளிலிருந்து அவர்கள் ஒருவர் விடாமல் முழுப் பெயரையும் எழுதினார்கள். மிட்டாய்ப் பெயரில் என்ன குறை என்று எனக்குத்தான் விளங்கவில்லை.

அம்மா அந்தத் திரைப் பக்கமே திரும்ப மாட்டாள். ஆட்ட முடிவுகள் நம் ஊருக்குக் காலையில் வரும். அப்பா பல் துலக்கியபடியே வந்து பார்த்துவிட்டு, "கந்தவேலு ரெண்டு கோலு" என்று குரல் கொடுப்பார். சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு நொடி நிற்கும், பிறகு தொடரும். அவளுக்கு அது எரிச்சல் என்று நான் எடுத்துக்கொண்டேன். முட்டியில் அடிபட்டு அவன் ஆறு ஆட்டம் வெளியே உட்கார்ந்த வாரத்தில் அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அணி கோப்பை வென்ற புதன்கிழமை, நோன்பும் இல்லாமல் விருந்தாளியும் இல்லாமல் கச்சாயம் சுட்டாள்.

"எதுக்கும்மா இன்னிக்கி?" என்று கேட்டேன்.

"வெல்லம் கெட்டுப் போயிரும்னு சுட்டேன். திங்கறதுன்னாத் தின்னு, இல்லாட்டி வெய்யி."

வெல்லம் அப்படியெல்லாம் கெட்டுப்போகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான்கு தின்றேன்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. என் பெயரில் ஓர் ஆட்டக்காரி அந்த லீக்கில் ஆட வேண்டும். பெண் பெயருக்கு அங்கே தடையில்லை. ஒருவர் தன் மனைவியின் பெயரிலேயே கோல்கீப்பர் வைத்திருந்தார். வாராவாரம் இன்னொருவனுக்காக எழுதி எழுதி என் கை வலித்ததுதான் மிச்சம். அப்பாவிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை.

"இவன் ரிட்டயர் ஆவட்டும் சாமி. அடுத்தது உம்பேருதான்."

"எப்பங்கப்பா ஆவான்?"

"இப்பத்தான முப்பத்தி மூணு? இன்னும் நாலஞ்சு வருசம் தாராளமா ஓடுவான்."

லீக் கணக்கில் நாலைந்து வருடம் என்றால் எங்கள் கணக்கில் எட்டுப் பத்து மாதம். பதினோரு வயதுக்கு அது யுகம்.

அந்த வாரம் பள்ளியில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். சான்றிதழை நீட்டியபோது அப்பா திரையிலிருந்து கண்ணை எடுத்து அதை வாங்கிப் பார்த்தார். பூரித்துப்போய், "அட, நல்லா ஓடியிருக்கறயே கந்தவேலு!" என்றார். என்ன பெயர் சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. நான் திருத்தவில்லை. சான்றிதழை வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அப்பா பட்டறையிலிருந்து வர நேரமிருந்தது. அம்மா மிளகாய் அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். சீசன் அப்போதுதான் முடிந்திருந்தது. சீசன் முடிவில் படைத்தவர் ஓர் அறிவிப்பு எழுதினால் போதும், ஆட்டக்காரன் ஓய்வு பெற்றுவிடுவான். அப்பாவின் கடவுச்சொல் எனக்கு மனப்பாடம். கந்தவேலுக்கு வயதாகிவிட்டது, அவனுக்கு ஓய்வு கொடுக்கிறேன், இதுவரை அன்பு காட்டிய அனைவருக்கும் நன்றி என்று அப்பாவின் பெயரில் நாலு வரி எழுதினேன். விடுமுறை விண்ணப்பம் எழுதிப் பழகிய கை, 'தங்கள் உண்மையுள்ள' என்பது வரை பிழையில்லாமல் வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு, கைகால் கழுவி, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் அப்பாவின் குரல் கேட்டது.

"அம்முணி, இங்க வா. அல்லாரும் கங்கிராஜுலேசன்ங்கறாங்க. முப்பது நாப்பது பேரு எழுதியிருக்கறாங்க. ஏதாச்சும் பரிசு உளுந்துருச்சா, பாரு!"

வாயில் பற்பசை நுரையோடு சிரித்துக்கொண்டு நின்றார். என் குற்றத்தை நானே படித்து அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. அருமையான ஆட்டக்காரன், அவன் இல்லாமல் லீக் வெறிச்சோடிவிடும், அவனுக்கு எதிராக ஆடியது பெருமை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கடைசியில், லீக்கை நடத்துகிறவர் ஒரு குறிப்பு போட்டிருந்தார். இவ்வளவு நன்றாக ஆடுகிறவனை ஏன் இப்போதே நிறுத்துகிறீர்கள், தவறாக எழுதியிருந்தால் ஒரு நாளுக்குள் சொல்லுங்கள், ஓய்வுப் பட்டியல் வெளிவந்துவிட்டால் என்னாலும் மாற்ற முடியாது.

"கந்தவேலு ரிட்டயர் ஆயிட்டானாமுங்கப்பா" என்றேன்.

"எவன் சொன்னது?"

"நீங்கதான் எழுதியிருக்கறீங்க."

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து அம்மா வந்துவிட்டாள். அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன் முன்னால் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. கையில் தோசைக் கரண்டி இருந்தது.

"கந்தவேலுக்கு என்னாச்சுங்க?"

அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல புள்ள" என்றார் அப்பா. "ஆட்டத்த உட்டுட்டான்னு எழுதியிருக்குது."

"யாரு உடச் சொன்னது?"

உள்ளே தோசை கருகுகிற வாசனை வந்தது. யாரும் நகரவில்லை. அடி விழுவதற்கு முன்பே அழுதுவிடுவது நல்லது என்பதால் நான் அழத் தொடங்கினேன். "நாந்தாம்மா. எம்பேருல ஒருத்தி வேணும்னுதான் பண்ணுனேன்."

அடி விழவில்லை. ஒரு சீனிப் பாட்டிலை உடைத்ததற்கு விளக்குமாற்றால் வாங்கியவள் நான். இப்போது அப்பா எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா என்னை உட்கார வைத்துத் தலை பின்னினாள். கண்ணில் நீர் வரும்படி இழுத்துப் பின்னினாள்.

"அம்மா, அது நெசம் இல்லதானம்மா? கம்ப்யூட்டருதானம்மா?"

"தெரியும். எனக்குத் தெரியாதா? தலைய ஆட்டாத."

அவள் அழுகிறாள் என்பது பின்னால் மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை, பின்னல் அவள் கையில் இருந்தது. அன்று பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. இல்லாத ஒருவனை நான் நிறுத்திவிட்டேன். நான் அவனுக்காக எழுதியபோது ஒருநாளும் எட்டிப் பார்க்காத அம்மா, நிறுத்தியதும் அழுகிறாள். எந்தப் பக்கத்திலிருந்து யோசித்தாலும் அது கூடிவரவில்லை.

சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கால் கழுவிவிட்டு நேராகக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். குரலில் கோபமே இல்லை.

"வா சாமி. தெரியாம எழுதீட்டோம், அவன் இன்னும் ஆடுவான்னு எழுது. நேரமிருக்குதில்ல?"

நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து முதல் வரியை அடித்தேன். அம்மா முந்தானையில் கை துடைத்தபடி வந்து எங்கள் பின்னால் நின்றாள்.

"வேண்டாங்க."

அப்பா திரும்பினார்.

"இப்ப அவனுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டாள்.

"முப்பத்தி மூணு."

அம்மா மனதுக்குள் எதையோ எண்ணினாள். "என்னைய விட மூத்தவனாயிட்டான்" என்றாள்.

"ஒரு வயசு" என்றார் அப்பா.

"இன்னும் எத்தன நாளைக்குங்க ஓடிட்டே இருப்பான்? முட்டி வேற போன பையன். போதும் உடுங்க. ஊட்டுக்கு வரட்டும்."

அப்பா நான் அடித்த வரியைத் திரையில் பார்த்தார். பிறகு, "சரி, அத அழிச்சுரு அம்முணி" என்றார். அழித்தேன். அவர்கள் என் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்கு இடமில்லை என்பது மட்டும் புரிந்தது.

அந்த லீக்கில் ஒரு வழக்கம். ஓய்வு பெற்ற ஆட்டக்காரனைப் பற்றி, அவன் வந்தது முதல் நின்றது வரை, படைத்தவர் ஒரு கட்டுரை எழுதுவார். அன்றைக்கே எழுதிவிடலாம் என்றார் அப்பா. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். முதல் சீசனில் ஒரே ஒரு கோல். அதுவும் அவன் மேல் பட்டுத் தெறித்துப் போனது. நான்காம் சீசனில் வேறு ஊர் அணிக்கு மாற்றினார்கள். அன்று அப்பா பட்டறைக்கு விடுப்புப் போட்டிருந்தார், ஆனால் அதை எழுத வேண்டாம் என்றார். பிறகு கோப்பை. பிறகு முட்டி.

"மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் அம்மா. அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "சின்னதுல எப்பிடி இருந்தான்னு எழுத வேண்டாமா?"

"அம்மா, அவனுக்குச் சின்ன வயசே இல்ல. பதினெட்டு வயசுலதான் பொறந்தான்" என்றேன்.

"பதினெட்டு வயசுல யாருடி பொறப்பா? எழுது. கத்திரிக்காயத் தொட மாட்டான். மூணு வயசு வரைக்கும் பேச்சு வல்ல. அப்பறம் வாய மூடுல."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ, "நாய்னா பயம்" என்றார். "லீவு உட்டாப் பட்டறைக்கு வந்துருவான். ஆணி பொறுக்கிக் குடுப்பான்."

"பட்டறைக்கு நான் உட்டிருக்க மாட்டேன். படிக்க வெச்சிருப்பேன்."

"ரெண்டு நாளு வந்தா என்ன தேஞ்சா போயிருவான்?"

"இரும்பு கண்ணுல பட்டா யாரு பாக்கறது?"

இப்படி இல்லாத ஒருவனுடைய கோடை விடுமுறைக்காக இருவரும் நிஜமாகவே சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு விடுமுறை பட்டறை, ஒரு விடுமுறை டியூஷன் என்று முடிவாயிற்று. அம்மைபோட்டது, சைக்கிள் பழகிக் கிணற்று மேட்டில் விழுந்தது, பத்தாம் வகுப்பில் கணக்கில் தப்பிப் பிழைத்தது எல்லாம் வந்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரிக்கிறவளா காலையில் அழுதாள் என்று எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. எனக்கு விரல் வலித்தது. ஆத்திரமாகவும் வந்தது.

"இவன் நம்மூட்டுலயே இருந்தான்னா, அப்ப நான் எங்க இருந்தேன்?" என்றேன்.

அம்மாதான் முதலில் சொன்னாள்.

"எழுது. அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தா. தெனமும் அவளச் சைக்கிள்ல முன்னால உக்கார வெச்சுப் பள்ளிக்கூடத்துல கொண்டு போயி உட்டுட்டு வருவான்."

"நான் பஸ்லதானம்மா போறேன்?"

"எழுதுன்னா எழுது."

எழுதினேன். பள்ளியில் பொய் எழுதினால் அடிப்பார்கள், வீட்டில் எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

அந்தக் கட்டுரையை லீக்கில் எல்லோரும் கொண்டாடினார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல கற்பனையைப் படித்ததில்லை என்று லீக்கை நடத்துகிறவரே எழுதினார். அடுத்த ஆட்டக்காரனுக்கென்று நிறையப் புள்ளிகளும் தந்தார்கள். நான் பள்ளியில் தோழிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பல வருடம் கழித்து, என் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்த வாரத்தில்தான் விஷயம் தெரிந்தது. அழைப்பிதழுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்த அத்தை, போகிற போக்கில், "உனக்கு மூத்தவன் இருந்திருந்தா இன்னேரம் பந்தல்காரனோட மல்லுக்கட்டிட்டு இருப்பான் கண்ணு" என்றாள். எந்த மூத்தவன் என்று கேட்டேன். உனக்குச் சொல்லவேயில்லையா என்று அவள் திகைத்துப்போனாள். நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் அம்மாவுக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். மூச்சு சரியில்லை என்று சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒன்பது நாள் இருந்தானாம். பையனாகப் பிறந்தால் வைப்பதென்று கபிலர்மலை முருகனிடம் முன்கூட்டியே நேர்ந்துகொண்ட பெயரைத்தான் அந்த ஒன்பது நாளும் சொல்லிக் கூப்பிட்டார்களாம். பெயர் என்ன என்று நான் அத்தையிடம் கேட்கவில்லை.

ஆனால் கட்டுரை எழுதிய அந்த வாரத்தில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இடம் காலியாகிவிட்டது, இனி என் முறை என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சொன்ன சொல் தவறாமல் புது ஆட்டக்காரருக்கான படிவத்தைத் திறந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி என் பெயரை அடித்தார். உயரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். ஐந்தடி எட்டு அங்குலம் போதும் என்றேன். துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்த அம்மா திரையில் என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இவளுக்கு வேண்டாங்க."

"ஏம்புள்ள? புள்ளைகிட்டச் சொல்லிட்டேன். பாவம், எத்தன நாளாக் காத்துக்கிட்டு இருக்கறா."

"இவதான் இங்கயே இருக்கறாளே. இவளுக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

அப்பா அடித்த பெயரை அழித்தார். பிறகு படிவத்தை மூடிவிட்டார். நான் கத்தி அழுதேன், புரண்டேன், சாயங்காலம் வரை சாப்பிட மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்தேன். அம்மா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பிசைந்து ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். பதினோரு வயதுப் பெண்ணுக்கு எதற்கு ஊட்டுகிறாள் என்று இருந்தது. செய்த தப்புக்கு அவள் எனக்குக் கொடுத்த தண்டனை அது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.